குன்னூர் வைத்தியர் மக்காரிசன்



மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் உதகைக்கு முன்னே வருவது குன்னூர். அங்குள்ள பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடி மருந்துக்குப் பேர்போனது என்பதை அறிவீர்கள். அதே கட்டிடத்தின் ஓர் அறையில் 1918-ல் வேறொரு ஆராய்ச்சியைத் தொடங்கிய சர் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியரைப் பற்றி இவ்வாரம் கேளுங்கள்.

1878-ல் அயர்லாந்தில் பிறந்து, 1901-ல் இராணுவ வைத்தியராக இந்தியாவுக்கு வந்தவர் அவர். கில்கித் மலைநாட்டில் கழுத்துக் கழலைக்குக் காரணம் தேடி, அவ்வூர்த் தண்ணீரின் வண்டலைத் தாமே குடித்துக் கழலையை வரவழைத்துக்கொண்டார்! அயோடின் குறைவே முதற்காரணம் என்று பின்னர் உறுதியாயிற்று. ஆயினும் தம் உடலையே சோதனைக்குக் கொடுக்கும் வைத்தியர் எத்தனை பேர்?

கிருமி புகுந்தால்தான் வியாதி என்று பலரும் நம்பிய காலம் அது. குன்னூரில் அவர் தீட்டிய அரிசியை மட்டும் புறாக்களுக்குப் போட்டார். அவை நிற்க வலுவிழந்தன; அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகள் பல சுருங்கியிருந்தன. தவிட்டோடு போய்விட்ட உயிர்ச்சத்து இல்லாமையே இக்கேட்டின் வேர். இத்தகைய ஆராய்ச்சியையும் சிக்கனத்தின் பேரால் 1923-ல் சர்க்கார் நிறுத்தியது. 1925-ல்தான் மீண்டும் நடந்தது.

பின்பு வெள்ளெலிகளை ஏழு கூட்டமாக்கி, இந்தியாவின் ஏழு வகை மக்கள் உண்பதை அவற்றுக்குக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைப்பயறு, காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்றவை சராசரி 235 கிராம் எடை வளர்ந்தன. தீட்டிய அரிசிச் சோறு, பருப்பு, துளி மோர், காப்பி என்று நம் சென்னை மாகாண உணவைத் தின்றவையோ 155 கிராம்; ஏழிலும் கடைசி! எலி வேறு, மனிதன் வேறுதான். ஆனாலும் அந்தத் தட்டு நம்முடையது.

தாய்மார்களே, அரிசியைப் பழிக்க வேண்டாம். நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. பச்சரிசியைத் தீட்டினால் போய்விடுகிறது. வடித்துக் கொட்டும் கஞ்சியிலும் கரைந்து ஓடுகிறது. கம்மஞ்சோறும் ராகிக் களியும் உண்ட நம் பாட்டன்மாருக்கு இத்தொல்லை இருக்கவில்லை.

நம் கோயமுத்தூருக்கும் அவர் வேலையில் பங்குண்டு. கோவை விவசாய இரசாயன நிபுணர் விசுவநாத்துடன் 1926-ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொழுவெரு இட்டு விளைந்த தானியம் இரசாயன உரத்தில் விளைந்ததைவிடச் சத்து மிகுந்தது என்றார்கள். அறிஞர் எல்லோரும் இதை ஒப்பவில்லை. உழவர்களாகிய உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும்.

1935-ல் ஓய்வு பெற்று, 1960-ல் இங்கிலாந்தில் காலமானார். அவருடைய ஆய்வுக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நடக்கிறது.