பாரிஸ்டர் ஜி. பி. பிள்ளை

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் மக்களாகிய நாம் அறிந்து போற்ற வேண்டிய மலையாளப் பெரியார்களுள் ஒருவர் பாரிஸ்டர் ஜி. பரமேசுவரன் பிள்ளை. தமிழர் உத்தியோகங்களுக்கு எதிராகக் கிளர்ந்தவர் என்று மட்டும் அவரைப் பற்றிக் கேள்வியுற்றோர் நம்மிடையே இருக்கக்கூடும். அன்னாரின் வரலாற்றை முழுவதும் நோக்குவோர்க்கு அவரது பெருமை விளங்கும்.

பிள்ளையவர்கள் 1864-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மண்ணில் தோன்றினார். அக்காலத் திருவிதாங்கூரில் திவான் பதவி தொடங்கி உயர்ந்த உத்தியோகங்கள் பல, வெளியிலிருந்து வந்த தமிழ் அந்தணரிடமும் தஞ்சை மராட்டியரிடமும் இருந்தன. கற்றுத் தேர்ந்த உள்நாட்டு இளைஞர்க்கு அவற்றின் கதவு அரிதாகவே திறந்தது. மாணவராயிருந்தபோதே பிள்ளையவர்கள் திவான் இராமய்யங்காரின் ஆட்சியைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார். அதன் பயனாகக் கல்லூரியினின்றும் நீக்கப்பட்டார்.

ஊர் கைவிட்ட இளைஞருக்குப் புகலிடம் தந்தது சென்னை மாநகரம். அங்கே கல்வியைத் தொடர்ந்து 1888-இல் பி. ஏ. பட்டம் பெற்றார். பின்னர் ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்டு’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியரானார். தமிழர் அதிகாரத்தை எதிர்த்தவரின் எழுத்தைத் தமிழர் தலைநகரமே வளர்த்தது!

1891-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் 10,028 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று ஸ்ரீ மூலம் திருநாள் மகாராஜா அவர்களிடம் சமர்ப்பிக்கப்பட்டது. மலையாளி மெமோரியல் என்று வரலாறு கூறும் அவ்விண்ணப்பத்தின் பின்னே நின்ற பேராற்றல் பிள்ளையவர்களே. நாட்டிற் பிறந்தவர்க்கு நாட்டின் பணிகளில் உரிய பங்கு வேண்டும் என்பதே அதன் சாரம். நாயர், கிறிஸ்தவர், ஈழவர் எனப் பல வகுப்பினரும் அதில் ஒன்றுபட்டனர். அரசாங்கம் தந்த விடை மனநிறைவு அளிப்பதாயில்லை.

தம் வகுப்பினர்க்குச் சில பதவிகள் கிடைத்தால் போதும் என்று அவர் அமைதியடையவில்லை. மருத்துவக் கல்வி பெற்றும் ஈழவர் என்ற காரணத்தால் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு மைசூர் சென்றவர் டாக்டர் பல்பு. அவரோடு பிள்ளையவர்கள் கைகோத்து, 1895-இல் புனா நகரில் கூடிய சமூகச் சீர்திருத்த மாநாட்டில் ஈழவர் குறையை எடுத்துரைத்தார்.

நம் நெஞ்சைத் தொடும் செய்தி இனித்தான் வருகின்றது. 1896-இல் காந்தியடிகள், தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரை உரைக்கச் சென்னைக்கு வந்தார். அத்துயரை அனுபவித்தோருள் பெருந்தொகையினர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கடல் கடந்த தமிழ் ஏழைகள். வெள்ளை எஜமானனால் பற்கள் உடையும்படி அடிக்கப்பட்ட பாலசுந்தரம் அவர்களுள் ஒருவன். அப்போது பிள்ளையவர்கள் காந்தியடிகளைத் தம் அலுவலகத்துக்கு அழைத்து ஆலோசனைகள் கூறினார். தம் பத்திரிகையின் பத்திகளை முற்றிலும் அவருக்கே திறந்துவிட்டார். இவ்வுதவியைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் நன்றியுடன் குறித்துள்ளார்.

1898-இல் சட்டம் பயில இலண்டன் சென்ற பிள்ளையவர்கள், பாரிஸ்டராகத் திரும்பித் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். அந்தோ! 1903-ஆம் ஆண்டிலேயே, நாற்பது வயதும் நிறையாமுன் மறைந்தார்.

சொந்த மண்ணில் பிறந்தவன் தாழ்த்தப்படுவதையும், அயல் மண்ணுக்குப் பிழைக்கச் சென்றவன் இழிவுபடுத்தப்படுவதையும் அவர் ஒரே அநீதியாகக் கண்டார். அவர் எதிர்த்தது அதிகாரத்தின் ஏகபோகத்தை. தமிழ் மக்களை அவர் பகைத்தாரில்லை. பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து, இதையே வீடாகக் கொண்ட நாம் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். இம்மண்ணின் மக்களுடைய உரிமையை மதித்து, அவர்தம் மொழியையும் கற்று, நம் தமிழையும் பேணி வாழ்வோமாயின், அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.