எட்டயபுரத்து விண்ணப்பம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் காலமும் கல்லூரிகளில் சேர்க்கை நடைபெறும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின் முதலாண்டு மாணவர்களை ஐந்தருவிக்கு அழைத்துச் செல்வது எம் தமிழ்த்துறையின் வழக்கமாகிவிட்டது. சேர்க்கை மேசையில் தந்தையின் பின்னால் தலைகுனிந்து நின்ற பிள்ளைகள், அருவியின் கீழ் நிற்கும்போதுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரிப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

நீராடி முடித்துத் திரும்பும் வழியில், தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் கடையத்தில் வண்டியை நிறுத்துவோம். மகாகவி பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர் அது. அங்கு வைத்து நாம் மாணவர்களுக்குச் சொல்வது பாரதியாரின் விடுதலைப் பாடல்களைப் பற்றியன்று. அவர் எழுதிய ஒரு விண்ணப்பத்தைப் பற்றி. கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிய மை உலராத கைகளுக்கு அதுவே பொருத்தமானது என்பது எம் எண்ணம்.

1882 டிசம்பர் 11-இல் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பையா, ஐந்தாம் வயதில் தாயை இழந்தார். தந்தை சின்னச்சாமி ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். கணக்கிலும் இயந்திரங்களிலும் ஆர்வம் மிக்கவர். மகனும் ஆங்கிலம் கற்று உயர்ந்த உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ பாட்டில்தான் நாட்டம். பதினொரு வயதில் ‘பாரதி’ என்ற பட்டம் வந்து சேர்ந்தது. எனினும் தந்தையின் விருப்பப்படி 1894-இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரியைச் சார்ந்த பள்ளியில் சேர்ந்தார். அந்நாளில் கல்லூரியோடு உயர்நிலைப் பள்ளியும் இணைந்திருப்பது இயல்பு.

இங்கே ஒன்றை விளக்குதல் வேண்டும். இக்காலத்தில் பள்ளித் தேர்வை அரசுத் தேர்வுத்துறை நடத்துகிறது. மதிப்பெண் சான்றிதழைக் கொண்டு கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறோம். அக்காலத்தில் பள்ளிப் படிப்பின் இறுதித் தேர்வைப் பல்கலைக்கழகமே நடத்தியது. 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்கு மெட்ரிகுலேஷன் என்று பெயர்; வடக்கே பிரவேசப் பரீட்சை என்றனர். அதில் தேறியவரே எஃப்.ஏ. வகுப்பில் இரண்டாண்டும், அதன்பின் பி.ஏ. வகுப்பில் இரண்டாண்டும் படிக்க இயலும். ஆங்கிலத்திலும் கணக்கிலும் தவறியவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. கணிதமேதை இராமானுசனே எஃப்.ஏ. தேர்வில் தேறாமல் நின்றவர் என்றால், மற்றையோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

கதவின் வெளியே கல்விக்கட்டணம் என்னும் மற்றொரு காவலும் இருந்தது. சின்னச்சாமி ஐயர் பஞ்சாலைத் தொழிலில் முதலீடு செய்து பெரும் இழப்புக்கு ஆளானார். குடும்பம் நொடித்தது. அந்நிலையில், 1897 ஜனவரி 24-ஆம் நாள், பதினான்கே வயது நிரம்பிய பாரதியார் எட்டயபுரம் மன்னருக்குத் தம் கல்விக்குப் பொருளுதவி வேண்டி ஒரு விண்ணப்பம் எழுதினார். அதனைப் பாட்டாகவே எழுதினார். அவருடைய எழுத்துகளில் இன்று நமக்குக் கிடைப்பனவற்றுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று இது என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பே மேலிடுகிறது. ஒரு பெருங்கவிஞரின் தொடக்கம் காதலோ கடவுளோ பற்றியதாக இல்லை. பள்ளிச் சம்பளத்தைப் பற்றியதாக இருக்கிறது.

அவ்வாண்டிலேயே திருமணமும் நிகழ்ந்தது. மணமகள் செல்லம்மாளுக்கு வயது ஏழு. அடுத்த ஆண்டு, 1898-இல், தந்தையார் மறைந்தார். நெல்லையில் தொடங்கிய படிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

வழி திறந்தது காசியில். அங்கு வாழ்ந்த அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ணசிவனும் பிள்ளையை அழைத்துக்கொண்டனர். காசிக்கென்று ஒரு பல்கலைக்கழகம் 1916-இல்தான் எழுந்தது. அதற்கு முன்னர் அவ்வூர் மாணவர்கள் 1887-இல் நிறுவப்பெற்ற அலகாபாத் பல்கலைக்கழகத்தின் தேர்வையே எழுதினர். பாரதியாரும் மிஷன் பள்ளியிலும் ஜெய்நாராயண் கல்லூரியிலும் பயின்று, அப்பல்கலைக்கழகத்தின் பிரவேசப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். இந்தியும் வடமொழியும் உடன் கற்றார். தலைப்பாகையும் மீசையும் அவரோடு சேர்ந்தது அங்கேதான்.

ஆயினும் கதவு திறந்த பின்பு அவர் உள்ளே செல்லவில்லை. பட்டப்படிப்பு கைகூடவில்லை. ஊர் திரும்பி எட்டயபுரம் அரண்மனையில் சிறிது காலம். 1904 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர். பின்னர்ச் ‘சுதேசமித்திரன்’ உதவியாசிரியர். பட்டமில்லாத தமிழாசிரியராக மூன்று மாதமே பணியாற்றிய ஒருவரின் பாட்டை, எம்.ஏ.வும் எம்.ஃபில்.லும் பெற்ற நாம் ஆண்டுதோறும் பாடம் சொல்லி ஊதியம் பெறுகிறோம். கோவையில் 1982-இல் எழுந்த பல்கலைக்கழகத்திற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

கேட்டுப் பெற விரும்பிய அந்தக் கல்வியைப் பின்னாளில் அவரே கடிந்துரைத்தார். 1910-இல் வெளிவந்த ‘கனவு’ என்னும் தன்வரலாற்றுப் பாட்டில், தந்தை தம்மை நெல்லைக்கு அனுப்பியதையும், அதற்கான பொருட்செலவையும், நாட்டுப் புலவரை அறியாமல் அயல்நாட்டுப் புலவரை ஒப்புவிக்கும் மாணவர் நிலையையும் எண்ணி வருந்துகிறார். இதனை முரண்பாடு என்பாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியிடம் கொண்ட ஈடுபாட்டால் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் பூண்டவர் அவர். மித்திரனில் அவருக்குச் சோறு போட்டதும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் திறனே. அவர் வெறுத்தது மொழியையன்று. தம் நாட்டை மறைத்துவிட்டுக் கற்பித்த முறையை. பசித்தவன் சோற்றில் கல்லிருப்பதைச் சொன்னால் பசியில்லை என்று பொருளாகுமா?

புதுவையில் பத்தாண்டுகள் வாழ்ந்து, 1918 நவம்பரில் வெளியேறிக் கடலூர்ச் சிறையில் இருந்து விடுதலையான பின் அவர் வந்து தங்கியது கடையத்தில்தான். வறுமை முன்னினும் மிகுந்திருந்தது. 1919 மே மாதம், இதே ஊரிலிருந்து, அதே எட்டயபுரம் அரண்மனைக்கு மீண்டும் ஓர் ஓலை விடுத்தார். ‘சீட்டுக்கவி’ என வழங்குவது அது. இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். முதல் ஓலையில் உதவி வேண்டி நின்ற சிறுவன், இரண்டாவதில், தமிழுக்குப் பெருங்கவிஞர் இல்லையென்ற பழி தம்மால் தீர்ந்தது என நிமிர்ந்து சொல்லி, அதற்குரிய சிறப்பைச் செய்க என்கிறார். 1920-இல் தம் நூல்களை நாற்பது தொகுதிகளாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடத் திட்டமிட்டு, அன்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கையும் விடுத்தார். அத்திட்டம் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை.

அதே 1920-இல் கடையத்தை அடுத்த பொட்டல்புதூரில் ‘இஸ்லாம் மார்க்கத்தின் மஹிமை’ என்ற பொருளில் அவர் உரையாற்றினார். கையில் காசில்லாத அந்நாளிலும் கேட்போர்க்குக் கொடுக்க அவரிடம் ஏதோ இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் மித்திரனுக்குத் திரும்பினார். 1921 செப்டம்பரில், முப்பத்தெட்டு வயதில், சென்னையில் மறைந்தார்.

சென்ற முறை இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது, ஈரத்தலையோடு நின்ற முதலாண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, பாட்டிலே விண்ணப்பம் எழுதினால் ஃபீஸ் கிடைக்குமா? நீங்கள் எழுதியிருக்கிறீர்களா?” அவனுடைய முதல் பருவக் கட்டணத்தை அவன் ஊர் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் கட்டியிருந்தார் என்பது எமக்குத் தெரியும். நாம் கல்லூரியில் சேர்ந்த ஆண்டும் அப்படியொரு பெரியவருக்குக் கடிதம் எழுதியதுண்டு. பாட்டு வராததால் உரைநடையில் எழுதினோம், மூன்று எழுத்துப் பிழைகளோடு, என்றோம். வண்டி பொட்டல்புதூரைக் கடக்கும் வரை பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வந்தனர்.