ஜான் போஸ்டல்

ஜொனாதன் புரூஸ் போஸ்டல் (ஆகஸ்ட் 6, 1943 – அக்டோபர் 16, 1998) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளைப் பதிப்பித்தவர். இணையப் பொதி ஒன்றின் அளவு எவ்வளவு வரை இருக்கலாம் என்பதற்கான வரம்புகள் இவர் பதிப்பித்த ஆவணங்களிலேயே வரையறுக்கப்பட்டன.

வாழ்க்கைக் குறிப்பு

போஸ்டல் கலிபோர்னியா மாநிலத்தின் ஆல்டடீனாவில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1966 இல் இளநிலைப் பட்டமும் 1974 இல் முனைவர் பட்டமும் பெற்றார். அங்கு லியோனார்ட் கிளைன்ராக்கின் வலையமைப்பு அளவீட்டு மையத்தில் பணியாற்றினார். 1969 இல் தொடங்கிய ஆர்.எஃப்.சி. என்னும் ஆவணத் தொடருக்கு இறக்கும் வரை பதிப்பாசிரியராக இருந்தார். 1977 முதல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணிபுரிந்தார்.

இணைய எண்களையும் நாடுகளுக்கான ஆள்களப் பெயர்களையும் ஒதுக்கும் பொறுப்பும் இவரிடமே இருந்தது. இந்தியாவுக்குரிய '.இன்' 1989 இல் வழங்கப்பட்டது. உலகம் முழுமைக்குமான இப்பணியைப் பெரும்பாலும் ஒரு சிறு அலுவலகமே கவனித்துவந்தது வியப்புக்குரியது.

பொதியின் அளவு

1981 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 791 இணைய நெறிமுறையை வரையறுத்தது. பொதியின் நீளத்தைக் குறிக்க அதில் 16 பிட்டுகள் ஒதுக்கப்பட்டமையால் பொதியின் உச்ச அளவு 65,535 பைட்டுகள் ஆகும். ஆயினும் எந்தக் கணினியும் 576 பைட்டுப் பொதியையேனும் ஏற்கவேண்டும் என்பது விதி. இது 512 பைட்டுத் தரவுக்கும் 64 பைட்டுத் தலைப்புக்கும் இடமளிக்கும் அளவாகும்.

இந்த அளவில் தலைப்பும் அடங்குமா என்பதில் குழப்பம் நேரக்கூடும். 1983 நவம்பரில் போஸ்டலே எழுதிய ஆர்.எஃப்.சி. 879 இதனைத் தெளிவாக்கியது. இரு நெறிமுறைகளின் தலைப்புகளுக்கும் சேர்த்து 40 பைட்டுகளைக் கழிக்கவேண்டும். எனவே 576 பைட்டுப் பொதியில் 536 பைட்டுத் தரவே செல்லும். 1500 பைட்டு வரம்புடைய ஈதர்நெட்டில் 1460.

பொதிகளைப் பிடித்துப் பதியும் மென்பொருள்களின் கோளாறுகளை ஆராய்வோருக்கு இந்த எண்கள் இன்றும் பயன்படுகின்றன. பழைய டிசிபிடம்ப் மென்பொருள் இயல்பாக ஒவ்வொரு பொதியின் முதல் 68 பைட்டுகளை மட்டுமே பதிந்தது. அதிவேக வலையமைப்புகளில் சிக்கல் வேறு. அங்கே பெறும் கணினி பல பொதிகளை ஒன்றாக இணைத்துவிடுவதால், கம்பியில் 1500 பைட்டைத் தாண்டாதவை பதிவில் 64,000 பைட்டு வரை பெருத்துக் காணப்படலாம். மென்பொருளின் இடையகம் அதைவிடச் சிறியதாயின் மிகுதி வெட்டப்படும். பதிவுக் கோப்பில் ஒவ்வொரு பொதிக்கும் பிடிக்கப்பட்ட நீளம், உண்மை நீளம் என இரண்டும் குறிக்கப்பட்டிருக்கும். இவை வேறுபட்டால் வெட்டியது பதிவு மென்பொருளே, வலையமைப்பு அன்று.

மறைவு

இதய அறுவை சிகிச்சைக்குப் பின் 55 ஆம் வயதில் போஸ்டல் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். இவர் பெயரில் இணையச் சமூகம் 1999 இல் ஏற்படுத்திய விருதின் முதல் பெறுநரும் இவரே.