நாடகத்துக்குள் நாடகம் போட்ட மோலியேர்

கல்லூரி நாள் விழாவில் நாடகம் போட்ட நம்மவர்களுக்கு ஒரு பயம் நன்றாகவே ஞாபகம் இருக்கும். நாளைக்கு மேடை, இன்னும் வசனம் மனப்பாடம் ஆகலை! அந்தப் பயத்தையே ஒரு நகைச்சுவை நாடகமாக்கி, ராஜா முன்னிலையில் நடித்துக் காட்டிய மனிதர்தான் பிரெஞ்சு நாடக மேதை மோலியேர்.

1622-ல் பாரிஸில் பிறந்தார். இயற்பெயர் ழான் பாப்டிஸ்ட் பொக்லேன். அப்பா அரண்மனைக்கு மெத்தை, திரைச்சீலை அமைத்துத் தரும் பதவியில் இருந்தவர். மகனுக்கும் அது வந்து சேரவேண்டிய உத்தியோகம். பிள்ளையாண்டானோ அதை உதறிவிட்டு, 1643-ல் நண்பர்களோடு நாடகக் குழு ஆரம்பித்தார். கூட்டம் வரலை, கடன்தான் வந்தது. 1645-ல் கடனுக்காகச் சிறைவாசமும் ஆயிற்று. பிறகு பாரிஸை விட்டுக் கிளம்பி, சுமார் பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராக நாடகம் போட்டார்.

1658-ல் பதினான்காம் லூயி மன்னர் முன் நடிக்க வாய்ப்பு. முதலில் போட்ட சோக நாடகம் எடுபடலை. உடனே ஒரு சின்னக் கேளிக்கை நாடகம் போட்டார். மன்னர் சிரித்தார். பாரிஸில் அரங்கம் கிடைத்தது.

1662-ல் வந்த ‘மனைவியர் பள்ளி’ பெரிய வெற்றி. வெற்றியோடு எதிரிகளும் வந்தார்கள். போட்டிக் குழுவினர் அவரைக் கிண்டலடித்தே நாடகம் போட்டார்கள். 1663-ல் அவர் கொடுத்த பதில்தான் ‘வெர்சாய் இம்ப்ராம்ப்டு’. அதில் மோலியேர் மோலியேராகவே வருகிறார். நடிகர்களும் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் மன்னர் வந்துவிடுவார். யாருக்கும் பாடம் வரலை. அவர் கெஞ்சுகிறார், அதட்டுகிறார், ஒவ்வொருவருக்கும் நடிப்புச் சொல்லித் தருகிறார், நடுவே போட்டி நடிகர்களின் உச்சரிப்பையும் நக்கலடிக்கிறார். கடைசியில் நாடகத்தைத் தள்ளிவைக்க மன்னர் அனுமதி தந்ததாகச் செய்தி. ஒத்திகையே நாடகம், அதுவே எதிரிகளுக்குப் பதில்!

அடுத்து வந்த ‘தார்த்தூஃப்’ பக்தி வேஷதாரியைத் தோலுரித்தது. 1664-ல் பொது மேடையில் தடை. முழு அனுமதி கிடைக்க 1669 வரை போராடினார்.

கடைசி நாடகம், 1673-ல் ‘கற்பனை நோயாளி’. நோயே இல்லாமல் நோயாளி என்று நம்பும் ஆர்காங், மனைவியின் மனசை அறியச் செத்தவர் மாதிரி நாற்காலியில் நடிக்கிறார். மனைவி சந்தோஷப்படுகிறாள், மகள் அழுகிறாள். அங்கேயும் நாடகத்துக்குள் நாடகம்தான். ஆர்காங்காக நடித்த மோலியேருக்கு நோய் நிஜம். பிப்ரவரி 17, நான்காவது காட்சி. தான் நடிக்காவிட்டால் தொழிலாளிகளின் அன்றைய கூலி போய்விடும் என்று மேடையேறினார் என்பார்கள். கடைசிக் காட்சியில் வலிப்பு வர, சிரிப்பால் மறைத்து முடித்தார். மேடையில் இறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உயிர் பிரிந்தது சில மணி நேரம் கழித்து, வீட்டில்.

நடிகன் என்பதால் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்டது. மனைவி ஆர்மாந்த் மன்னரிடம் முறையிட்ட பிறகு, இரவில் அடக்கம் நடந்தது. 1680-ல் உருவான ‘கொமெதி ஃப்ரான்சேஸ்’ அரங்கத்துக்கு இன்றும் ‘மோலியேரின் வீடு’ என்றே பெயர். அந்த நாற்காலியும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே! அடுத்த விழாவுக்கு நாடகம் தேடினால் ‘வெர்சாய் இம்ப்ராம்ப்டு’வை எடுத்துப் பாருங்கள். ஒரே அங்கம்தான், பெரிய செட்டும் வேண்டாம். அன்றைக்கு வசனம் மறந்தாலும் பாதகமில்லை, கதையே அதுதானே!