நோயாளியின் முகம் பார்த்துப் பேசியவர்

கைவிளக்கேந்திய சீமாட்டி என்று நாம் சிறுவகுப்பிலே படித்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், 1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஒரு செல்வந்த ஆங்கிலேயக் குடும்பத்திற் பிறந்தார். தாதித் தொழிலை மதிப்புக் குறைந்ததாகக் கருதிய காலம் அது. வீட்டார் எதிர்த்தும் மனந்தளராத அவர், 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் பயிற்சி பெற்றார். 1854 நவம்பரில் 38 பெண்களுடன், கிரைமியப் போரிற் காயமுற்றோர் கிடந்த ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார்.

அங்கு அவர் இராக்காலத்தில் விளக்கோடு நோயாளரைப் பார்வையிட்டதைப் பலரும் அறிவர். இறந்த வீரர்களின் வீட்டாருக்கு அவர் கடிதம் எழுதி வந்ததை அறிந்தோர் குறைவு.

போர்க்களத்தில் அவரைப் பற்றிய காய்ச்சலின் விளைவாக, நாடு திரும்பியபின் பல ஆண்டுகள் படுக்கையறையிலேயே கழிந்தன. படுத்திருப்பவரின் மனநிலை அவருக்கு நன்றாகத் தெரியும். 1859இல் வெளிவந்த தாதியம் பற்றிய தமது நூலில், நோயாளியின் அறைக்கு வெளியே நின்று குசுகுசுப்பதை அவர் வன்மையாகக் கண்டித்தார். அரைகுறையாகக் காதில் விழும் பேச்சு நோயாளியை வதைக்கும் என எச்சரித்தார். தலையைத் திருப்பாமலே நோயாளி பார்க்கக்கூடிய இடத்தில் அமர்ந்து, அவசரம் காட்டாது பேசும்படி பணித்தார். எல்லாம் சுகமாகிவிடும் என்ற வெற்று ஆறுதலைச் சாடுவதற்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். அத்தகைய பேச்சால், மனந்திறந்து பேச ஒருவருமின்றி நோயாளி தனித்துப்போகிறார் என்பது அவர் கருத்து.

இன்றும் எமது வைத்தியசாலைகளில், புற்றுநோய் என்ற செய்தியை விறாந்தையில் வைத்துப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, கட்டிலில் இருக்கும் தாயிடம் ஒன்றுமில்லை என்று கூறும் வழக்கம் உண்டு. அன்பினாலேயே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பிள்ளைகளின் முகத்திலிருந்தே தாய் அதனை அறிந்துகொள்கிறார்; பின்னர் பயத்தைத் தனக்குள்ளே அடக்கிக்கொள்கிறார். தமது நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை முதலில் நோயாளியிடமே கேட்பதும், அவரது சம்மதத்துடன் உறவினருக்குச் சொல்வதும், தெரியாததைத் தெரிந்ததுபோற் கூறாதிருப்பதும் இன்று மருத்துவ ஒழுக்கநெறிகளாகப் போதிக்கப்படுகின்றன.

1860இல் இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் அம்மையாரின் பெயரால் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பமாயிற்று. 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி, தமது 90ஆவது வயதில் அவர் காலமானார். அவர் பிறந்த நாளே சர்வதேச தாதியர் தினமாகும்.

தாதியராகவும் வைத்தியராகவும் வர எண்ணியிருக்கும் எம் பாடசாலைத் தங்கைகளே, மருந்தின் அளவைக் கற்பதுபோலச் சொல்லின் அளவையும் கற்றுக்கொள்ளுங்கள். கட்டிலருகே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, முதலில் நோயாளி சொல்வதைக் கேளுங்கள்.