மூன்று முறை முறிந்தது சைக்கிள், முறியாதது மனம்!

கொல்லுப்பட்டறையில் உலை எரிகிறது. ஒருவர் சம்மட்டி பிடித்து இரும்பை அடிக்கிறார். அவர் கொல்லர் அல்ல. சைக்கிள் பந்தய வீரர். கொல்லர் பக்கத்தில் சும்மா நிற்கிறார். அவர் கை வைக்கக்கூடாது. வைத்தால் வீரருக்குத் தண்டனை. பந்தய அதிகாரிகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது நடந்தது 1913-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி. பிரான்ஸ் நாட்டின் ஒரு மலைக் கிராமத்தில். அந்த வீரர் யூஜின் கிறிஸ்தோப்.

பூட்டுத் தொழிலாளி

கிறிஸ்தோப் 1885-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி, பாரிஸ் நகரை அடுத்த மலாக்காப் என்ற ஊரில் பிறந்தார். இளமையில் பூட்டுத் தொழில் கற்றார். அந்தக் கைத்தொழில் பந்தயத்திலும் தமக்கு உதவும் என்று அப்போது அவர் நினைத்திருக்க மாட்டார்.

பிறகு சைக்கிள் பந்தயமே அவருக்குப் பிழைப்பு ஆயிற்று.

குளிர்காலத்தில் பிரான்சில் ஒரு பந்தயம் நடக்கும். அது ரோட்டில் அல்ல. காடு, வயல், சேறு, மேடு எல்லாவற்றையும் கடக்க வேண்டும். ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்தப் பந்தயத்தில் 1909 முதல் 1914 வரை ஆண்டுதோறும் கிறிஸ்தோப்தான் தேசிய சாம்பியன். 1921-ல் மீண்டும் வென்றார். மொத்தம் 7 முறை!

பனியில் பந்தயம்

1910-ம் ஆண்டு இத்தாலி சென்றார். மிலான் நகரிலிருந்து சான்ரெமோ வரை பந்தயம். வழியில் மலைக் கணவாயில் பனி கொட்டியது. கை விறைத்தது. கால் மரத்தது. ஒரு விடுதிக்காரர் அவரை உள்ளே அழைத்து, கம்பளி போர்த்திச் சூடு ஏற்றினார். அங்கேயே தங்கியிருக்கலாம். அவர் தங்கவில்லை. சிறிது நேரத்தில் மறுபடியும் சைக்கிளில் ஏறினார்.

புறப்பட்டவர்கள் அறுபது பேருக்கு மேல். ஊர் போய்ச் சேர்ந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். முதலில் வந்தவர் கிறிஸ்தோப். அதன் பின் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மலையில் முறிந்தது

பிரான்ஸ் நாட்டைச் சுற்றி வரும் பெரும் பந்தயம் ‘டூர் டி பிரான்ஸ்’. பல நாள் நடக்கும். 1912-ல் கிறிஸ்தோப் அதில் இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆண்டு எப்படியும் முதல் இடம் என்று உறுதி கொண்டார்.

1913-ல் பைரனீஸ் மலைத்தொடரில் உள்ள டூர்மாலே கணவாயை ஏறிக் கடந்தார். இறக்கத்தில் வேகமாக வந்தபோது, முன் சக்கரத்தைத் தாங்கும் ‘போர்க்’ முறிந்தது.

அந்நாள் விதி கடுமையானது. சைக்கிள் கெட்டால் வீரரே பழுது பார்க்க வேண்டும். பிறர் உதவக் கூடாது. வேறு சைக்கிளும் வாங்கக் கூடாது.

கிறிஸ்தோப் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேந்த் மாரி தெ காம்பான் என்ற கிராமத்தை அடைந்தார். அங்கேதான் அந்தக் கொல்லுப்பட்டறை.

பூட்டுத் தொழில் இப்போது கைகொடுத்தது. கிறிஸ்தோப் இரும்பைக் காய்ச்சினார், அடித்தார், இணைத்தார். ஒரு கையில் சைக்கிள், மறு கையில் சம்மட்டி. துருத்தி ஊத மூன்றாவது கை ஏது? ஒரு சிறுவன் துருத்தியை ஊதினான்.

அதையும் அதிகாரிகள் பார்த்துவிட்டார்கள். பிறர் உதவி பெற்றதாகச் சொல்லி 10 நிமிடம் தண்டனை விதித்தார்கள். பிறகு அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள்.

ஏறத்தாழ 4 மணி நேரம் வீணாயிற்று. ஆனால் அவர் பந்தயத்தை விடவில்லை. அன்று மீதி இருந்த மலைகளையும் ஏறி இறங்கினார். பாரிஸ் சேர்ந்தபோது அவருக்கு ஏழாவது இடம்.

மஞ்சள் சட்டை

1914-ல் உலகப் போர் மூண்டது. பந்தயம் நின்றது. மீண்டும் 1919-ல்தான் தொடங்கியது. அப்போது கிறிஸ்தோப்புக்கு 34 வயது. அவரே முன்னணியில் இருந்தார்.

முதலாவதாக இருப்பவரை மக்கள் எளிதில் அடையாளம் காண வேண்டும் அல்லவா? அதற்காக ஜூலை 19-ந் தேதி கிரனோபிள் நகரில் அவருக்கு ஒரு மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். பந்தயத்தை நடத்திய ‘லோட்டோ’ பத்திரிகையின் தாளும் மஞ்சள் நிறம்தான். இன்று உலகம் அறிந்த அந்த மஞ்சள் சட்டையை முதன்முதலில் அணிந்தவர் அவரே. வேடிக்கை பார்த்தவர்கள் அவரை மஞ்சள் குருவி என்று கேலி செய்தார்களாம்!

முடிவுக்கு இன்னும் இரண்டு கட்டங்களே பாக்கி. அடுத்தவரைவிட 28 நிமிடம் முன்னால் இருந்தார். வெற்றி கைக்கு எட்டிவிட்டது.

வலான்சியேன் நகருக்கு அருகே கல் பாவிய ரோடு. அங்கே மறுபடியும் போர்க் முறிந்தது!

மறுபடியும் ஒரு பட்டறை. மறுபடியும் அவரே பழுது பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பெல்ஜிய வீரர் பிர்மின் லாம்போ வென்றார். கிறிஸ்தோப்புக்குக் கிடைத்தது மூன்றாவது இடம்.

மக்கள் மனம் பொறுக்கவில்லை. ‘லோட்டோ’ பத்திரிகை நிதி திரட்டியது. ஏழையும் பணக்காரரும் தம்மால் இயன்றதை அனுப்பினார்கள். 13,000 பிராங்குக்கு மேல் சேர்ந்தது. பந்தயத்தில் இழந்த பரிசை மக்களே அவருக்குக் கொடுத்தார்கள்.

1922-ல், 37 வயதில், மீண்டும் மஞ்சள் சட்டை அணிந்தார். அந்த ஆண்டு ஆல்ப்ஸ் மலையில் மூன்றாவது முறையும் போர்க் முறிந்தது. அப்போதும் பந்தயத்தை விடாமல் ஓட்டி முடித்தார்.

சுவரில் ஒரு பெயர்

கிறிஸ்தோப் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 11 முறை கலந்துகொண்டார். ஒரு முறைகூட வெல்லவில்லை. 1970-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, 85-ம் வயதில் காலமானார்.

பிறர் உதவக் கூடாது என்ற விதி பிற்காலத்தில் தளர்த்தப்பட்டது. இன்று வீரரின் சைக்கிள் கெட்டால், பின்னால் வரும் காரிலிருந்து வேறு சைக்கிள் வந்துவிடும்.

வென்றவர்களின் பட்டியலில் கிறிஸ்தோப் பெயர் இல்லை. ஆனால் அந்த மலைக் கிராமத்தின் கொல்லுப்பட்டறைச் சுவரில் அவர் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்த வழியே போகும் சைக்கிள் வீரர்கள் இன்றும் அங்கே இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.