குழந்தைகளிடம் பாடம் கேட்ட மரியா மாண்டிசோரி அம்மையார்



மாண்டிசோரி என்ற சொல்லை நீங்கள் பள்ளிக்கூடப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். அது ஒருவகைப் பாடசாலையின் பெயர் என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு கத்தோலிக்கப் பெண்மணியின் பெயர். நம் சைதாப்பேட்டைப் பாலத்தின் கீழே ஓடும் அடையாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில்தான் அந்த அம்மையார் சில ஆண்டுகள் தங்கிப் போதித்தார். தம் வாழ்வின் பெருந்துயரம் ஒன்றையும் பெருமகிழ்ச்சி ஒன்றையும் அங்கேயே கண்டார். பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் நீங்கள் அவருடைய சரித்திரத்தை அறிவது நலம்.

மரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி இத்தாலி தேசத்தில் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அபூர்வமாயிருந்த அக்காலத்தில், பலருடைய எதிர்ப்பையும் பொறுத்துக்கொண்டு படித்து, 1896-ல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு ரோமாபுரியின் மனநோயாளர் இல்லங்களுக்குப் போய்ப் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அறிவு வளர்ச்சி குன்றிய சிறு பிள்ளைகளையும் அங்கே பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். காவல் செய்த பெண் அதைப் பெருந்தீனி என்று சொல்லி அருவருத்தாள். மாண்டிசோரி அம்மையார் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் கையில் எடுத்து விளையாட அங்கே ஒரு பொருளும் இல்லை. அவர்கள் பசி வயிற்றுப் பசியல்ல, கைகளுக்கும் புத்திக்கும் வேலை தேடும் பசி என்று அவர் கண்டுகொண்டார். அத்தகைய பிள்ளைகளுக்குத் தகுந்த பொருட்களைக் கொடுத்து, பொறுமையோடு கற்பித்தார். அவர்களில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பரீட்சையில் தேறினார்கள். எல்லோரும் அம்மையாரைப் புகழ்ந்தார்கள். அவரோ வேறொன்றை யோசித்தார். நல்ல புத்தியுள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு அமுக்கி வைத்திருந்தால், இவர்கள் அவர்களை எட்டிப் பிடித்திருக்க முடியும்?

1907-ம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற ஏழைகளின் பேட்டையில் அவர் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் காலையில் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கினார்கள். அவர்களைக் கவனிக்க யாராவது வேண்டும் என்பதே வீடுகளைக் கட்டியவர்களின் கவலை. ஏறக்குறைய ஐம்பது குழந்தைகள், ஆசிரியப் பயிற்சியே இல்லாத ஒரு பெண், சில மரச்சாமான்கள், இவ்வளவே அம்மையாருக்குக் கிடைத்தன.

அங்கே நடந்தவற்றில் மூன்றை மட்டும் கேளுங்கள்.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையிலுள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மையார் அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிப் பாடச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்து முடித்து, களைப்பின்றி, தூங்கி எழுந்தவள்போல் புன்னகையோடு பார்த்தாள். குழந்தைக்குக் கவனமே நிற்காது என்று நாம் குறை சொல்கிறோமே! தனக்கு ஏற்ற வேலை கிடைத்தால் அது ஒரு தபசியைப்போல் ஒன்றித்துப்போகும் என்று அவர் அறிந்தார்.

ஒரு நாள் ஆசிரியை நேரங்கழித்து வந்தாள். அலமாரியைப் பூட்ட முந்தின நாள் மறந்திருந்தாள். பிள்ளைகள் தாங்களே அதைத் திறந்து பொருட்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். திருட்டுப் புத்தி என்று ஆசிரியை கோபித்தாள். அம்மையாரோ, எந்தப் பொருள் எங்கே இருக்கும், தனக்கு எது வேண்டும் என்பதை இவர்கள் நன்றாய் அறிந்திருக்கிறார்கள் என்று கண்டு, அன்றுமுதல் தாழ்வான, திறந்த அலமாரிகளை வைத்தார். ஒவ்வொரு பொருளிலும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆகையால் பிறர் முடிக்கும்வரை காத்திருக்கப் பிள்ளைகள் பழகினார்கள். வயதில் மூத்தது இளையதற்கு உதவிற்று. பொறுமையும் தோழமையும் இவ்விதம் பிரசங்கமின்றியே வளர்ந்தன.

மூன்றாவது, மூக்குச் சிந்தும் பாடம். கைக்குட்டையை எப்படிப் பிறர் அருவருக்காதபடி உபயோகிப்பது என்று அம்மையார் ஒரு நாள் மெதுவாகச் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ பலமாய்க் கைதட்டினார்கள். ஏன் தெரியுமா? மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களை நாள்தோறும் திட்டினவர்கள் பலர். அவமானப்படுத்தாமல், இப்படிச் செய் கண்ணே என்று சொல்லிக்கொடுத்தவர் எவரும் இல்லை. சிறு பிள்ளைக்கும் மானம் உண்டு என்பதை அந்தக் கைதட்டல் அவருக்கு உணர்த்திற்று.

அம்மையாரின் புகழ் உலகெங்கும் பரவிற்று. ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாவில் ஞானோபதேசத்தையும் இம்முறையில் கற்பித்தார்கள். பூசைக்கு வேண்டிய அப்பத்துக்கும் இரசத்துக்குமாகப் பிள்ளைகளே கோதுமையும் திராட்சையும் பயிரிட்டார்கள். திவ்விய பலிபூசையைக் குழந்தைகளுக்கு விளக்கும் நூலொன்றையும் அம்மையார் எழுதினார். இத்தாலியில் முசோலினியின் ஆட்சி அவருடைய பள்ளிகளை மூடிவிட்டது. 1936-ல் உள்நாட்டு யுத்தத்தால் ஸ்பெயினையும் விட்டு வெளியேறினார்.

1939-ம் ஆண்டு நவம்பர் மாதம், தமது அறுபத்தொன்பதாம் வயதில், அடையாறு பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் சென்னைக்கு வந்தார். ஏறக்குறைய 300 ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சிக்குக் கூடினார்கள். அவர் இத்தாலிய பாஷையில் பேச, மாரியோ என்பவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

இந்த மாரியோ யார்? மறைத்து எழுதுவது நேர்மையாகாது. இளம் டாக்டராயிருந்தபோது, உடன் வேலைசெய்த ஒருவரால் விவாகமின்றி அம்மையாருக்குப் பிறந்த மகன் அவர். ஊரார் பேச்சுக்கு அஞ்சிய அக்காலத்தில் 1898-ல் பிறந்த அந்தக் குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தார் வளர்த்தார்கள். உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் கூர்ந்து பார்த்த தாய், தன் பிள்ளை தத்தித் தத்தி நடந்ததை அருகிலிருந்து பார்க்கவில்லை. மகனுக்கு ஏறக்குறைய பதினைந்து வயதான பிறகே இருவரும் ஒன்றாக வாழ்ந்தார்கள். அப்போதும் உலகத்தார் முன் அவர் உறவுப் பையன் என்றே அறியப்பட்டார். தீர்ப்பிடுவது நம்முடைய வேலையல்ல. அந்தத் தாயின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று தாய்மார்கள் அறிவார்கள்.

1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. ஆங்கில சர்க்கார் மாரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் வைத்தார்கள். அம்மையார் அடையாற்றை விட்டு வெளியேறக் கூடாதென்று உத்தரவாயிற்று. ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு எழுபது வயது நிரம்பிற்று. அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்து அனுப்புவதாக அது தெரிவித்தது. உலகறிய அவரை மகன் என்றே குறிப்பிட்டது. நாற்பத்திரண்டு ஆண்டு மறைந்திருந்த ஒரு சொல் நம் அடையாற்றங்கரையில் வெளிச்சத்துக்கு வந்தது.

பின்பு அவர்கள் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார்கள். இலங்கையிலும் பயிற்சி கொடுத்தார்கள். நம் நாட்டில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் அவரிடம் கற்றார்கள். 1952-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி ஒல்லாந்து தேசத்தில் அவர் மரித்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெற்றோரே, இது செல்லம் கொடுத்துக் கெடுக்கும் முறை என்று எண்ணாதீர்கள். பிறரைத் துன்புறுத்தும் பிள்ளையை அம்மையார் தடுத்தார். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கப் பழக்கினார். ஆனால் பயத்தால் வரும் அடக்கம் பிரம்பு மறைந்ததும் மறைந்துபோகும். தானே விரும்பிச் செய்யும் வேலையால் வரும் ஒழுங்கு பெரியவர் இல்லாதபோதும் நிலைக்கும். பள்ளியில் பிரம்படியை 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டில் அடிக்கும் கையையும் குத்தும் நாவையும் எந்தச் சட்டம் வந்து தடுக்கும்? அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் காட்டி நம் பிள்ளையை விருந்தினர் முன் தாழ்த்துகிறோமே, அந்தக் காயத்துக்கு மருந்து ஏது?

சேசுநாதர் சுவாமி ஒரு சிறு பிள்ளையை அழைத்துச் சீஷர்களின் நடுவில் நிறுத்தினார். அப்படியே ஆகும்படி பெரியவர்களுக்குக் கற்பித்தார். அவரே நாசரேத்தில் அர்ச். சூசையப்பரின் தச்சுப் பட்டறையில், பார்த்தும் செய்தும் வளர்ந்தவர். சூசையப்பர் அந்தச் சிறு கைகளிலிருந்து உளியைப் பிடுங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்களா?

இந்த வாரம் வீட்டில் ஒன்று செய்யுங்கள். பட்டாணி உரிப்பதோ, துணி மடிப்பதோ, செபமாலைக்கு முன் திரி ஏற்றத் துணைநிற்பதோ, உங்கள் பிள்ளை செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். நேரமாகிறது என்று பிடுங்காதீர்கள். தவறினால் திட்டாமல், மெதுவாக ஒரு தடவை செய்து காட்டுங்கள். பிறகு பேசாமல் அருகிலிருந்து பாருங்கள். பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியத்தைச் சர்வேசுரன் உங்களுக்குத் தந்திருக்கிறார். அந்தப் பாக்கியத்துக்காக ஒரு தாய் பல ஆண்டு ஏங்கினாள் என்பதை மறவாதேயுங்கள். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் குடும்பங்களைக் காப்பதாக.

உங்கள் பங்குச் சுவாமியார்